நீவா கப்பல், 1835: நோய்க்கு விதி இருந்தது, பாறைக்கு இல்லை

1835 மே 13. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு சிட்னிக்குப் போய்க்கொண்டிருந்த நீவா என்ற பாய்மரக் கப்பல், ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள பாஸ் நீரிணையின் மேற்கு வாசலில் கிங் தீவுக்கு அருகே ஒரு பாறைத் திட்டில் மோதியது. அந்த நேரத்தில் கப்பலில் இருந்தவர்கள் 239 பேர். கடைசியில் உயிரோடு மிஞ்சியவர்கள் 15 பேர்.

கைதிக் கப்பல்களின் வரலாற்றில் இது மிகப் பெரிய சேதங்களில் ஒன்று. ஆனாலும் இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கேப்டன் தவறு செய்தாரா இல்லையா என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு இரவை மட்டும் பார்த்தால் இந்த நிகழ்வு புரியாது என்பது என் எண்ணம். 125 நாள் பயணத்தில் இத்தனை பேரையும் கிட்டத்தட்டக் குறையாமல் கொண்டுவந்து சேர்த்த ஒரு ஏற்பாடு, ஒரே நாளில் கிட்டத்தட்ட எல்லாரையும் எப்படி இழந்தது? இந்த ஆய்வு அதைத்தான் தொடக்கத்திலிருந்து பார்க்கிறது. சம்பந்தப்பட்டவர்களைப் பெயர் சொல்லாமல், கேப்டன், மருத்துவர், கைதிப் பெண்கள் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி: யார் ஏறினார்கள்

கைதிகளைக் கப்பலேற்றிக் கடல் கடந்து அனுப்புவது, நம் பக்கத்தில் தீவாந்தர சிட்சை என்று சொல்லிவந்த அதே தண்டனைதான். பிரிட்டனும் அயர்லாந்தும் 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 பேரை ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு நாடுகடத்தின. அவர்களில் பெண்கள் ஏறக்குறைய 25,000 பேர். கிட்டத்தட்டப் பாதிப் பேர் நியூ சவுத் வேல்ஸுக்கும் (சிட்னி இருந்த குடியேற்றம்) மீதிப் பேர் வான் டீமன்ஸ் லேண்டுக்கும் (இன்றைய டாஸ்மேனியா) போனார்கள்.

அவர்களில் மிகப் பலர் செய்த குற்றம் திருட்டு. துணி, கொஞ்சம் பணம், எஜமானி வீட்டுப் பொருள். தண்டனை பெரும்பாலும் 7 ஆண்டு. ஏழு ஆண்டு என்று கேட்கும்போது திரும்பி வரக்கூடிய தண்டனை போலத் தோன்றும். தண்டனை முடிந்த பிறகு ஊர் திரும்பக் கப்பல் கூலியை அரசு தராது. வீட்டு வேலைக்காரியாக இருந்த ஒரு பெண் அந்தப் பணத்தைச் சேர்ப்பது நடக்காத காரியம். அதனால் 7 ஆண்டு என்பது பெரும்பாலான பெண்களுக்கு ஆயுள்வரை என்றுதான் பொருள்பட்டது. இதை நீதிமன்றத்தில் இருந்தவர்களும் அறிந்திருந்தார்கள், கூண்டில் நின்ற பெண்களும் அறிந்திருந்தார்கள்.

நீவாவில் ஏறிய கைதிப் பெண்கள் 150 பேர். அவர்களோடு அவர்களுடைய பிள்ளைகள் 33 பேர். கைக்குழந்தையையும் சிறு பிள்ளைகளையும் தாயோடு கொண்டுபோக அனுமதி கிடைப்பது உண்டு. கிடைக்காத பிள்ளைகள் உறவினரிடமோ அநாதையாகவோ கரையில் நின்றார்கள்.

இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கு உண்டு. அதே கப்பலில் தண்டனை எதுவும் இல்லாத 9 பெண்களும் அவர்களுடைய 22 பிள்ளைகளும் ஏறினார்கள். ஏற்கெனவே நாடுகடத்தப்பட்ட ஆண்களின் மனைவியராகப் புறப்பட்டவர்கள் இவர்கள். ஆவணங்களில் இவர்களுக்கு 'சுதந்திரப் பெண்கள்' என்று பெயர்.

சுதந்திர மனைவியர்: ஒரு இடத்துக்காக எத்தனை கதவுகள்

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைதிக் கப்பல் கதைகளில் அதிகம் விடுபடுவது இதுதான்.

நாடுகடத்தப்பட்டவர்களில் ஆறில் ஐந்து பேர் ஆண்கள். குடியேற்றத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த எண்ணிக்கை வித்தியாசம் ஆளுநர்களுக்குத் தலைவலியாக இருந்தது. குடும்பம் வந்து சேர்ந்தால் கைதி ஒழுங்காக இருப்பான், நிலத்தில் நிலைத்து நிற்பான் என்று கருதினார்கள். அதனால் நன்னடத்தை உள்ள கைதி ஒருவன், மனைவி மக்களை அரசுச் செலவில் வரவழைத்துத் தரும்படி மனு கொடுக்கலாம். குடும்பத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். உள்ளூர் அதிகாரியும் எஜமானரும் பரிந்துரைக்க வேண்டும். மனு ஆளுநரிடம் போய், அங்கிருந்து கடல் கடந்து லண்டனுக்கும் டப்ளினுக்கும் போகும். அப்புறம் அங்குள்ள அதிகாரிகள் அந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள், வர விரும்புகிறாளா என்று விசாரிப்பார்கள். ஒரு கடிதம் ஒரு பக்கம் போய்ச் சேரவே நான்கு மாதம் ஆகும் காலம் அது. மனு போட்டதிலிருந்து குடும்பம் கரை இறங்கும்வரை சில ஆண்டுகள்கூட ஆகிவிடும். சிட்னியில் மறுமணம் செய்துகொண்டு, மனைவியை வரவழைக்காமலே இருந்துவிட்ட ஆண்களும் நிறைய.

மறுபக்கத்தில் மனைவியின் நிலை என்ன? சம்பாதிப்பவன் போய்விட்டான். வறுமையில், ஊராரின் தயவில் காத்திருக்கிறாள். அவளும் தன் பங்குக்கு மனு எழுதிக் கொடுப்பாள், எழுதத் தெரியாவிட்டால் எழுதத் தெரிந்தவரை வைத்து. அனுமதி வந்தபிறகும் உடனே கப்பல் கிடைக்காது. எந்தப் பெண் கைதிக் கப்பலில் இடம் மிச்சம் இருக்கிறதோ அதில்தான் இடம்.

அப்படி எல்லாக் கதவும் திறந்து, கடைசியில் நீவாவில் இடம் பெற்றவர்கள் இந்த 9 பேரும். அவர்களுடைய நோக்கில் பார்த்தால் கப்பல் ஏறிய நாள் காத்திருப்பு முடிந்த நாள்.

முதல் முடிவு: ஒரே கப்பலில் இரு வகைப் பயணிகள்

சுதந்திர மனைவியரைக் கைதிக் கப்பலிலேயே அனுப்பியதற்குக் காரணம் சிக்கனம். கப்பலை அரசு மொத்தமாக வாடகைக்கு எடுத்துவிட்டது. உணவு, மருத்துவர், மேற்பார்வை எல்லாம் அதில் இருக்கிறது. தனியாக ஒரு கப்பல் எடுப்பதைவிட இது மலிவு. பெண்களைப் பெண்களோடு அனுப்புவதே நல்லது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கால நிர்வாகக் கண்ணோட்டத்தில் இது நியாயமான முடிவாகவே தெரிந்திருக்கும். தனிக் கப்பலில் போயிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1845இல் இதே கிங் தீவில், கைதிகள் யாரும் இல்லாத குடியேறிகள் கப்பலான கட்டரக்கி மோதி 400 பேர் இறந்தார்கள். ஒன்பது பேர்தான் பிழைத்தார்கள். ஆகவே ஆபத்தை இந்த முடிவு உண்டாக்கவில்லை. ஆனால் ஆபத்து வந்த நேரத்தில் கணக்கு வேறாகிவிடுகிறது. கைதிக் கப்பலின் கட்டமைப்பு, ஆட்களைக் கீழே வைத்திருப்பதற்காக அமைந்தது. தண்டனையே இல்லாத பெண்ணும் அவளுடைய பிள்ளைகளும் அந்தக் கட்டமைப்புக்குள்தான் வந்து படுத்தார்கள்.

பயணம்: 125 நாள்

நீவா 1835 ஜனவரி 8 அன்று கார்க்கை விட்டுக் கிளம்பியது. 1813இல் கட்டப்பட்ட, மூன்று பாய்மரம் கொண்ட கப்பல். மாலுமிகள் கேப்டனோடு சேர்த்து 26 பேர். அரசு நியமித்த கடற்படை மருத்துவர் ஒருவரும் இருந்தார்.

அந்த மருத்துவருக்கு இருந்த அதிகாரத்தைச் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் கைதிக் கப்பல்கள் சவக் கப்பல்களாகவே இருந்தன. 1814இல் வந்த மூன்று கப்பல்களில் நோயும் சாவும் மிகக் கடுமையாக இருந்தன. அவற்றில் ஒன்றான சர்ரியில் டைபஸ் காய்ச்சல் கேப்டனையும் மருத்துவரையும்கூடக் கொண்டுபோனது. சிட்னியில் இருந்த வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற மருத்துவர் அதை விசாரித்து ஆளுநர் மக்குவாரிக்கு அறிக்கை கொடுத்தார். ரெட்ஃபெர்னே ஒரு காலத்தில் கைதியாக வந்தவர். காற்றோட்டம், கீழ்த்தளத்தைச் சுத்தமாக வைப்பது, கைதிகளைத் தினமும் மேல்தளத்துக்கு ஏற்றுவது, நோயைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கேப்டனிடமிருந்து பிரித்து ஒரு திறமையான மருத்துவரிடம் தருவது என்று அவர் சொன்னவை விதிகளாக மாறின. 1815 முதல் அரசு மருத்துவக் கண்காணிப்பாளர் இல்லாமல் கைதிக் கப்பல் கிளம்புவதில்லை என்ற நிலை வந்தது.

அதன் பலன் நீவாவில் தெரிகிறது. கிட்டத்தட்ட நான்கு மாதப் பயணம். சுமார் இருநூற்று நாற்பது பேர், அதில் 55 பிள்ளைகள். இறந்தவர்கள் 3 பேர். ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் காலத்தில் ஒரு நகரத்துத் தெருவில் இத்தனை பேர் வாழ்ந்திருந்தால்கூட இதைவிட அதிகமாக இறந்திருக்கக்கூடும். ஒரு பேரழிவைப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, விதி எழுதி, அதை நடைமுறையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த 125 நாளே சாட்சி. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் அதற்குத் திரும்பி வருகிறேன்.

இரண்டாவது முடிவு: ஊசிக்காது வழியாக

தென் அட்லாண்டிக்கைக் கடந்து வரும் கப்பல்கள், நாற்பதாவது அட்சரேகைப் பக்கம் இறங்கி, அங்கே இடைவிடாமல் வீசும் மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடும். சிட்னிக்குப் போக இரண்டு வழி. வான் டீமன்ஸ் லேண்டைத் தெற்கே சுற்றிப் போகலாம். அல்லது அதற்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் இடையில் உள்ள பாஸ் நீரிணைக்குள் நுழைந்து போகலாம். நீரிணை வழி தூரத்தையும் நாளையும் மிச்சப்படுத்தும்.

சிக்கல் அதன் வாசலில் இருந்தது. வடக்கே ஆட்வே முனை, தெற்கே கிங் தீவு. இடையில் சுமார் 90 கிலோமீட்டர். மாலுமிகள் இதை ஊசியில் நூல் கோப்பது என்று சொன்னார்கள். 90 கிலோமீட்டர் அகலமான வாயில் கரையில் நின்று பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியலாம். வாரக்கணக்கில் நிலத்தையே பார்க்காமல், சூரியனை அளந்தும் கடிகாரத்தை நம்பியும் இடத்தைக் கணித்துக்கொண்டு வரும் கப்பலுக்கு அது சின்ன வாயில். இரண்டு நாள் மேகம் மூடிக்கொண்டால் கணக்கு பிசகும். பின்னால் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். கிங் தீவின் வடக்கிலும் மேற்கிலும் கடலுக்குள் பாறைத் திட்டுகள் நீண்டு கிடந்தன. 1835இல் அந்த வாசலில் இரண்டு பக்கமும் ஒரு கலங்கரை விளக்கம்கூட இல்லை.

இத்தனை இருந்தும் நீரிணை வழியைக் கேப்டன் எடுத்தது விசித்திரமான முடிவல்ல. அது பழகிய வழி, பலர் பத்திரமாகக் கடந்த வழி. சிட்னிக்கு இன்னும் சில நாள் பயணம்தான்.

அந்த இரவு

கிங் தீவை நெருங்குகிறோம் என்பது கேப்டனுக்குத் தெரிந்தே இருந்தது. கவனித்துப் பார்க்க ஆள் நிறுத்தியிருந்தார். நள்ளிரவு தாண்டிய பிறகு நிலம் கண்ணில் பட்டது. தீவை விலக்கிக்கொண்டு வடக்குப் பக்கமாகப் போகும்படி திசை திருப்பிக் கப்பல் தொடர்ந்து ஓடியது.

இங்கேதான் முடிவு எடுக்க இடம் இருந்தது. பாயைக் குறைத்துக்கொண்டு விடியும்வரை கடலிலேயே நின்றிருக்கலாம். அதற்கும் ஆபத்து உண்டு. காற்று தீவை நோக்கித் தள்ளும்போது நிற்பதும் நகர்வதுதான். ஆனால் மே மாதம் தென்பாதி உலகில் குளிர்காலத் தொடக்கம், இரவு நீளம். திட்டுகள் எதுவரை நீண்டிருக்கின்றன என்று வரைபடத்தை மட்டும் நம்பி இருட்டில் அவற்றைச் சுற்றுவது, நிற்பதைவிடப் பெரிய ஆபத்து என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னால் வந்த நாம் விளைவு தெரிந்து பேசுகிறோம், அதுவும் உண்மைதான்.

சுமார் ஐந்து மணிக்கு முன்னே அலை முறியும் வெண்மை தெரிந்தது. கப்பலைத் திருப்ப உத்தரவு போனது. திரும்பிக்கொண்டிருக்கும்போதே அடி பாறையில் தட்டிச் சுக்கான் பெயர்ந்துபோனது. சுக்கான் இல்லாத கப்பல் அலையின் கையில். மறுபடி மோதி, பக்கவாட்டில் திரும்பிப் பாறைமேல் கிடந்தது.

அந்த மோதலில் கீழ்த்தளச் சிறையின் தடுப்புகள் பெயர்ந்தன. பெண்களும் பிள்ளைகளும் மேலே ஓடிவந்தார்கள். இது ஒரு முக்கியமான விஷயம். இதற்கு இரண்டு ஆண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, 1833 ஆகஸ்ட் 31 அன்று, 108 கைதிப் பெண்களையும் 12 பிள்ளைகளையும் ஏற்றிய ஆம்பிட்ரைட் என்ற கப்பல் பிரான்சின் பூலோன் கரைக்கு மிக அருகே மணலில் தட்டி நின்றது. கரையிலிருந்து உதவிக்கு ஆள் வந்தும் பெண்களை இறக்கவில்லை. பெண்கள் கீழே அடைக்கப்பட்டிருந்து, தாங்களே தடுப்பை உடைத்துக்கொண்டு மேலே வரவேண்டியிருந்தது. மூன்று மாலுமிகள் தவிர எல்லாரும் இறந்தார்கள். நீவா மோதுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1835 ஏப்ரல் 12 அன்று, வான் டீமன்ஸ் லேண்டின் தெற்கே மூன்றாம் ஜார்ஜ் என்ற கப்பல் மோதியது. அதில் ஆண் கைதிகளைக் காவலர்கள் கீழேயே தடுத்து வைத்தார்கள். இறந்த 133 பேரில் 128 பேர் கைதிகள். நீவாவில் பெண்கள் மேல்தளத்துக்கு வர முடிந்தது. ஆனால் யாரோ கதவைத் திறந்துவிட்டதால் அல்ல, பாறை மோதி மரம் பிளந்ததால்.

படகுகள் கொஞ்சம்தான். முதலில் இறக்கிய படகில் கேப்டனும் மருத்துவரும் சில பெண்களும் ஏறினார்கள். அதற்குள் இன்னும் பலர் பாய்ந்து ஏற, படகு மூழ்கியது. கேப்டன் நீந்திக் கப்பலுக்குத் திரும்பினார். பிறகு பெரிய படகை இறக்கினார்கள். அதுவும் அலையில் கவிழ்ந்தது. மீண்டும் கேப்டனும் துணை அதிகாரியும்தான் திரும்பி வந்தார்கள். மருத்துவர் பிழைக்கவில்லை. அதன்பின் கப்பலே துண்டு துண்டாக உடைந்தது.

முதல் படகில் கேப்டன் ஏறியதை என்ன சொல்வது? படகை நடத்த ஆள் வேண்டும் என்பது ஒரு பதில். 239 பேர் உள்ள கப்பலை நடத்தவும் ஆள் வேண்டும் என்பது இன்னொரு பதில். கப்பல் இன்னும் ஒரே துண்டாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், உடையப்போகும் பலகைகளையும் பாய்மரங்களையும் மிதவையாகக் கட்டும் வேலையை யாரும் முன்னின்று நடத்தியதாகத் தெரியவில்லை. கடைசியில் மனிதர்களைக் கரை சேர்த்தது மிதவைதான், படகு அல்ல. மேல்தளத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் பெயர்ந்து இரண்டு தெப்பங்கள் போல மிதந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டவர்கள் பல மணி நேரம் அடித்துக்கொண்டு போய், கிங் தீவின் வடக்குக் கரையில் ஒதுங்கினார்கள். 22 பேர்.

கரை

அன்றிரவே அந்த 22 பேரில் 7 பேர் இறந்தார்கள்.

கரை ஒதுங்கிய பீப்பாய்களில் ரம் இருந்தது என்றும், அதைக் குடித்ததும் சாவுக்கு ஒரு காரணம் என்றும் பேச்சு எழுந்தது. குடித்திருக்கலாம். விறைத்துப்போன உடம்புக்கு மது சூடு தரும் என்றுதான் அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள், மருத்துவர்களும் நம்பினார்கள். உண்மையில் மது தோலுக்கு இரத்தத்தை ஓடவைத்து, உள்ளிருக்கும் சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றிவிடும். நனைந்த உடையோடு, குளிர்கால இரவில், நெருப்பும் கூரையும் இல்லாமல் கிடந்தவர்களுக்கு அந்தச் சூடு மட்டுமே மிச்சம் இருந்தது. இந்தச் சாவுகளைப் பெண்களின் ஒழுக்கக் குறைவாகப் படித்தவர்கள் அப்போதும் உண்டு, பிறகும் உண்டு. அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. குளிரில் இறந்தவர்களை அவர்கள் செய்யாத வேறொரு குற்றத்துக்காக இரண்டாம் முறை தண்டிப்பது அது.

மிஞ்சியவர்கள் 15 பேர்: கைதிப் பெண்கள் 6 பேர், கேப்டன் உட்பட மாலுமிகள் 9 பேர். பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. கணவனைத் தேடிப் புறப்பட்ட 9 பெண்களில் ஒருவரும் இல்லை.

தீவில் ஊர் எதுவும் கிடையாது. கரை ஒதுங்கிய உணவுப் பொருளும் பாய்த்துணியும்தான் முதல் நாள்களில் துணை. அதே தீவில் முன்னதாக உடைந்துபோன டார்டர் என்ற சிறிய கப்பலில் பிழைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் வந்து சேர்ந்தார்கள். தீவில் வாழ்ந்த ஒரு சீல் வேட்டைக்காரரும் அவருடைய பழங்குடி மனைவியும் இவர்களுக்கு உதவினார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி. பாஸ் நீரிணைத் தீவுகளில் சீல் வேட்டைக்காரர்கள் டாஸ்மேனியப் பழங்குடிப் பெண்களைக் கடத்திக் கொண்டுபோய் வைத்திருந்தது அந்தக் காலத்தில் பரவலாக நடந்தது. வேட்டையாடுவதும், சிப்பி எடுப்பதும், எங்கே நன்னீர் இருக்கிறது என்று அறிவதும் அவர்களுடைய கையில்தான் இருந்தன. சொந்த நாட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பெண்களைக் கரையில் உயிர் பிழைக்கவைத்தவர்களில் இன்னொரு பெண்ணும் இருந்தாள், அவள் மண்ணையும் அதே பேரரசு பறித்துக்கொண்டிருந்தது. மீட்பு பற்றிச் சொல்லும்போது அவளை விட்டுவிட்டுச் சொல்வது சரியில்லை.

ஜூன் 15 அன்று, டார்டரைத் தேடி வந்த சாரா ஆன் என்ற கப்பல் இவர்களைக் கண்டது. மோதி 33 நாள் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் தொலைவில் போயிருந்த இரண்டு பெண்களும் ஒரு மாலுமியும் தவிர, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு லான்செஸ்டன் துறைமுகத்துக்குப் போனது. விடுபட்ட மூவரையும் பின்னர் இன்னொரு படகு ஏற்றிக்கொண்டது.

விசாரணையும் பிறகும்

வான் டீமன்ஸ் லேண்டில் விசாரணை நடந்தது. கேப்டன்மீதும் அதிகாரிகள்மீதும் குற்றம் இல்லை என்று முடிந்தது. கப்பல் மோதியது ஹார்பிஞ்சர் திட்டில் என்று கேப்டன் சொன்னதை மறுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள். கரைக்கு இன்னும் அருகில் உள்ள வேறொரு பாறை அது என்று பிற்காலத்தில் வாதிட்டார்கள். இந்த வேறுபாடு சின்னதல்ல. கரைக்கு எவ்வளவு அருகில் போனாரோ, அவ்வளவுக்கு அந்த இரவின் முடிவு தவறாகிறது.

பிழைத்த ஆறு பெண்களுக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ இந்தச் சேதத்தின் பெயரால் வரவில்லை. சிட்னிக்குப் போகாமல் வான் டீமன்ஸ் லேண்டிலேயே கைதிகளாக வைக்கப்பட்டார்கள். கப்பலை இழந்தவர் விடுவிக்கப்பட்டார், கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் கைதிகளாகவே தொடர்ந்தார்கள். இரண்டும் அன்றைய சட்டப்படி சரியாகவே நடந்தன.

எது மாறியிருக்க வேண்டும்

ரெட்ஃபெர்ன் அறிக்கைக்கு மறுபடி வருகிறேன். 1814இல் மூன்று கப்பல்களில் மனிதர்கள் செத்தார்கள். அரசு காரணம் கேட்டது, விதி எழுதியது. இருபது ஆண்டில் கைதிக் கப்பலில் நோயால் சாவது அபூர்வமாகிவிட்டது. அந்த அரசுக்குக் கற்றுக்கொள்ளத் தெரியும். 1833இல் ஆம்பிட்ரைட் உடைந்தபோதும் விசாரணை நடந்தது. ஆனால் அது ஒரு தனி மனிதர் தவறினாரா என்று கேட்டது. ஆபத்து வந்தால் சிறைக் கதவை யார், எப்போது திறப்பது? எத்தனை பேருக்கு எத்தனை படகு? பிள்ளைகளை யார் பொறுப்பில் விடுவது? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் ஒரு பதில் அப்போதே வந்திருக்க வேண்டும். மூன்றாம் ஜார்ஜும் நீவாவும் ஒரு மாத இடைவெளியில் உடைந்தபோது அந்தப் பதில் எந்தக் கப்பலிலும் இல்லை.

நோய்க்கும் சேதத்துக்கும் இந்த வேறுபாடு ஏன்? என் கணிப்பு இது. நோயைக் கப்பலுக்குள் கட்டுப்படுத்தலாம், அதற்குச் சுண்ணாம்பும் வினிகரும் ஒரு மருத்துவரின் சம்பளமும் போதும். சேதத்துக்குத் தயாராவது செலவான காரியம்: கூடுதல் படகு, கூடுதல் மாலுமி, கலங்கரை விளக்கம். நோய்வாய்ப்பட்ட கைதி கரையில் இறங்கினால் குடியேற்றத்துக்குச் சுமை. மூழ்கிய கைதியால் யாருக்கும் சுமை இல்லை.

நடைமுறையில் நான்கு இடங்களில் வேறு விளைவுக்கு வாய்ப்பு இருந்தது என்று நினைக்கிறேன். இரவில் நீரிணை வாசலில் நுழையக் கூடாது என்று கைதிக் கப்பல்களுக்கு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கலாம். அரசு தன் ஒப்பந்தங்களில் உணவின் எடைவரை எழுதியது, இதை எழுத முடியாமல் இல்லை. படகில் ஏறும் ஒழுங்கை நடுக்கடலில் அமைதியான ஒரு நாளில் சொல்லிக்கொடுத்திருக்கலாம், 125 நாள் இருந்தது. படகு போதாது என்று தெரிந்த கப்பலில் மிதவை கட்டத் தேவையான கயிறும் கோடரியும் மேல்தளத்தில் தயாராக இருந்திருக்கலாம். நான்காவது, வாசலில் ஒரு விளக்கு. மற்ற மூன்றையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இதுதான்.

கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும் என்ற பன்னாட்டு விதி, டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல்தான் எழுதப்பட்டது. பாஸ் நீரிணையின் வாசலுக்கு வெளிச்சம் அதற்கு முன்பே வந்தது. கட்டரக்கியில் 400 பேர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1848இல் ஆட்வே முனையில் விளக்கு ஏற்றினார்கள். கிங் தீவின் பக்கம், நீவா உடைந்த கடலைப் பார்த்தபடி, விக்கம் முனையில் விளக்கு எரியத் தொடங்கியது 1861இல். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது அதற்கு 21 ஆண்டு முன்பே, 1840இல் நிறுத்தப்பட்டிருந்தது.